வாஷரில் பெயர் எழுத இடமில்லை

வளைகுடாவில், முசஃபாவில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் எனக்குப் பத்து வருட வேலை. கம்ப்யூட்டரில் எழுத்தை அமைத்து, வெட்டி, ஷீட்டில் ஒட்டி அனுப்புவது என் பொறுப்பு. கராஜ், பிரியாணிக் கடை, பல் ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் செய்திருக்கிறேன். ஆனால் எங்கள் கடையில் சீசன் பார்க்காமல் ஓடுவது ஆப்பிரிக்கக் கிணறுகள்தான். இங்கே பதிவு பெற்ற தர்ம நிறுவனம் ஒன்றில் பணம் கட்டினால், ஆப்பிரிக்காவில் ஏதாவது ஒரு கிராமத்தில் போர் போட்டு அடிபம்பு வைத்துக் கொடுப்பார்கள். பக்கத்தில் கொடுத்தவர் பெயரோடு ஒரு பலகை. பலகையை அங்கேயே செய்துகொள்ளலாம். பெயரில் எழுத்துப் பிழை வந்தால் புண்ணியம் வேறு யாருக்காவது போய்விடும் என்ற பயத்தில் சிலர் எங்களிடம் செய்து அனுப்புகிறார்கள்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். அப்புறம் போனை எந்தக் கையால் பிடித்து வீடியோ எடுப்பது என்று சொன்னவர்கள் யோசிக்கவில்லை.

எங்கள் கடையில் பலகை மாட்டும் ஃபிட்டர் உகாண்டாக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். எங்களுக்குள் பேச்சு பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். அவர் என்னை பாய் என்பார், நான் அவரை பாய் என்பேன். ஒருநாள் நான் கிணற்றுப் பலகை ஒன்றைப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று படித்தார்.

“எங்க ஊர்ல இந்த மாதிரி மூணு இருக்கு, பாய்.”

“கொடுத்து வச்ச ஊரு.”

“போர்டு மூணும் நல்லா இருக்கு. பம்பு மூணும் ஓடல.”

மூன்று பம்பும் மூன்று பேர் கொடுத்தவை, மூன்று மாடல். ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேராது. ஊரில் தண்ணீர்க் கமிட்டி ஒன்று இருக்கிறது. ஏழு பெண்கள், இரண்டு ஆண்கள். ஆண்கள் எதற்கு என்று கேட்டேன். பைப்பைத் தூக்க ஆள் வேண்டாமா என்றார். அவர் மனைவிதான் தலைவி. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பம்பில்தான் நல்ல தண்ணீர். கமிட்டிப் பெண்களே அதைக் கழற்றிப் பார்த்து, வாஷர் கிழிந்துவிட்டது, உள்ளே இரண்டு ராடு அரித்துவிட்டது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மாட்டவும் அவர்களுக்குத் தெரியும். அந்த மாடலுக்குச் சாமான்தான் அவர்கள் பக்கத்தில் எங்கும் கிடைக்கவில்லை.

“எட்டு மாசமாச்சு. என் மக விடியறதுக்கு முன்னாடி கேன் எடுத்துக்கிட்டு சதுப்புப் பக்கம் போறா. திரும்பி வரும்போது பள்ளிக்கூடம் பாதி முடிஞ்சிருது. இந்த வருஷம் பரீட்சை எழுதலேன்னா அவளை நிறுத்திருவாங்க. அப்புறம் கல்யாணப் பேச்சு வரும். பன்னெண்டு வயசு, பாய்.” இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. டிரில்லுக்கு பிட் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் எங்கள் மாவட்டத்துக்காரர்களின் சங்கத்துக்குப் பத்தாவது ஆண்டு. தலைவர் சூப்பர் மார்க்கெட் வைத்திருப்பவர், கடற்கரை ஊர்க்காரர், நல்ல மனிதர். செயலாளர் கட்டுமானக் கம்பெனியில் ஃபோர்மேன். சங்கத்தின் பத்தாண்டு சாதனை என்று பார்த்தால் நாங்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்ட சால்வைகள்தான். இந்த முறை சால்வையைத் தாண்டி ஏதாவது செய்யவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேச்சு வந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு கிணறு என்று முடிவானது. ஆப்பிரிக்காவில் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அது ஒரே ஊர் என்று எல்லாருக்கும் நினைப்பு.

நான் எழுந்து ஃபிட்டரின் ஊரைச் சொன்னேன். கிணறு ஏற்கனவே இருக்கிறது, ஒரு செட் வாஷரும் ராடும் கழற்றி மாட்டும் சாவிகளும் வாங்கிக் கொடுத்தால் போதும் என்றேன்.

செயலாளர் கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். “வாஷரா? வாஷர்ல எங்க தம்பி பேரு எழுதுறது?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பலகையில் வரப்போகும் பதினோரு பெயர்களில் என்னுடையதும் ஒன்று என்பதால், எனக்கும் பலகைமேல் ஒரு கண் இருந்தது.

யார் பெயர் முதலில் என்பதிலேயே இரண்டு ஞாயிறு போனது. வட்டமாக எழுதிவிட்டால் முதலும் கடைசியும் கிடையாது என்று நான் ஒரு யோசனை சொன்னேன். வட்டத்தில் உச்சியில் யார் என்று மூன்றாவது ஞாயிறும் போனது. கடைசியில் வயதுப்படி வைத்தோம். வயதில் நான் பத்தாவது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபோது என் பெயரை மட்டும் இரண்டு பாயிண்ட் பெரிதாக்கினேன். யாருக்கும் தெரியாது.

தர்ம நிறுவனத்தின் படிவத்தை நிரப்புவதும் என் தலையில் விழுந்தது. எந்த ஊர் என்று யாரும் கவலைப்படாததால் ஃபிட்டரின் கிராமத்தையே எழுதிவிட்டேன். மறுநாள் ஃபிட்டர் ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். “கிணறுதான் கொடுப்பாங்கன்னா கிணறே கொடுக்கட்டும். பம்பு மட்டும் இந்த மாடலா இருக்கட்டும்.” சீட்டில் இருந்த எழுத்தையும் எண்ணையும் அப்படியே படிவத்தில் அடித்தேன்.

அடுத்து இடம். செயலாளருக்கு ரோட்டோரம் வேண்டும். அங்கேதான் கேமராக்காரர் வண்டி வரும், பின்னால் மரமும் இருக்கும். அந்த இடத்துத் தண்ணீரில் துரு வாடை அடிக்கும், யாரும் குடிக்கமாட்டார்கள் என்று கமிட்டி தகவல் அனுப்பியது. தலைவர் முகம் சுருங்கியது. “தானமா குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பாப்பாங்க?” என்றார். அதை அப்படியே சொல்லாமல், ரோட்டோரம்தான் முடியும் என்று மட்டும் ஃபிட்டரிடம் சொன்னேன். சாயங்காலமே பதில் வந்துவிட்டது. சரி, ரோட்டோரமே இருக்கட்டும். அவ்வளவு சீக்கிரம் சரி என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

வீடியோவை ஹோட்டல் மாடியில் திரை கட்டிப் பார்த்தோம். பிள்ளைகள் யூனிபார்ம் போட்டுச் சுத்தமாக வந்திருந்தார்கள். செயலாளருக்கு அது பெரிய ஏமாற்றம். “சட்டை போடாத பிள்ளைக ஒண்ணு ரெண்டு நின்னிருந்தா நல்லாருந்திருக்கும்” என்றார். பம்பிலிருந்து விழுந்த தண்ணீர் அழகான நீலமாக இருந்தது. எடிட் செய்தவர் கெட்டிக்காரர். நாங்கள் கைதட்டிவிட்டுப் பிரியாணி சாப்பிட்டோம்.

மூன்று மாதம் கழித்து தர்ம நிறுவனம் வழக்கமான சோதனைக்கு ஆள் அனுப்பியது. அவர் எடுத்த படத்தில் ரோட்டோரம் சிமெண்ட் மேடை இருந்தது. பம்பு இல்லை. பலகையும் இல்லை.

அவசரக் கூட்டம். “கழட்டி வித்துத் தின்னுட்டானுங்க” என்றார் செயலாளர். “அவங்க புத்தியே அப்படித்தான்” என்று பின்வரிசையில் ஒருவர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் ஊரில் விளம்பரப் பெயிண்டராக இருந்தவன். எங்கள் தெரு அடிபம்பு வாஷர் போய் நின்றது, நான் விமானம் ஏறுவதற்கு முந்தின வருடம். இன்றுவரை ஒருவரும் கழற்றிப் பார்க்கவில்லை. அதன் மேடையில் திறந்துவைத்தவர் பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. அது நான் எழுதியது. உள்ளூரில் ஓணான் பிடிக்காதவன் உடையார்பாளையம் போய் உடும்பு பிடிக்கப் புறப்பட்ட கதையாக நாங்கள் உகாண்டாவுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தோம். இதையெல்லாம் அன்றைக்குச் சொன்னேனா என்றால் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றுமட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஃபிட்டரிடம் கேட்டேன். அவர் பதறவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பழைய கிணறு. மேலே எங்கள் பம்பு. அவர் மனைவி கைப்பிடியை அழுத்துகிறார். தண்ணீர் நீலமாக இல்லை, தண்ணீர் நிறத்திலேயே இருந்தது.

“வாஷர் கேட்டோம், கிடைக்கல. அதனால ஒரு முழு பம்புக்குள்ள வச்சு வாங்கிக்கிட்டோம். ரோட்டுப் பக்கத்துல இருந்து கழட்டிக் கொண்டுவர ஒரு நாள்தான் ஆச்சு. பழைய பம்புல தேறின சாமான் எல்லாம் பூட்டி வச்சிருக்கு. ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்ல.”

“படிவத்துல மாடல் எழுதச் சொன்னது இதுக்குத்தானா?”

“என் வீட்டுக்காரி சொன்னா. நான் உனக்குச் சீட்டு மட்டும்தான் கொடுத்தேன், பாய்.”

கடல் தாண்டி இருக்கும் அந்தப் பெண்மணி என்னை நன்றாக வேலை வாங்கியிருக்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பலகை எங்கே என்று கேட்டேன். படத்தை நகர்த்தினார். பள்ளிக்கூடச் சுவரில் நான்கு திருகாணி போட்டு மாட்டியிருந்தார்கள், திருப்பி. வெள்ளையான பின்பக்கத்தில் நீலப் பெயிண்டில் வரிசையாக எழுத்து. எந்த வீட்டுக்கு எந்த நேரம் முறை, மாட்டைப் பம்பருகே கொண்டுவரக்கூடாது, கைப்பிடியில் குழந்தைகள் தொங்கக்கூடாது.

“மக எழுதினது” என்றார். “பரீட்சை எழுதிட்டா. பள்ளிக்கூடத்துலயே அவ கையெழுத்துதான் நல்லாருக்குன்னு அவகிட்ட எழுதச் சொல்லியிருக்காங்க.” இதைச் சொல்லும்போது அவர் என்னை நேராகப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு கமிட்டியின் கடிதத்தைக் கூட்டத்தில் தமிழாக்கிப் படித்தேன். பம்பைப் பள்ளிக்கூடக் கிணற்றுக்கு மாற்றிவிட்டோம், நன்றாக ஓடுகிறது, பலகையைத் திருப்பிப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருக்கிறோம், மிகவும் நன்றி. முறைக்குப் புதிதாகச் சில வீடுகள் சேர்ந்திருக்கின்றன, பலகையின் பின்பக்கத்தில் இடம் போதவில்லை. இன்னொரு பலகை அனுப்புவதாக இருந்தால், தயவுசெய்து இரண்டு பக்கமும் எழுதாததாக அனுப்பவும்.

செயலாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். “அப்ப நம்ம பேரெல்லாம் செவுத்தப் பாத்தா இருக்கு?”

“ஆமாண்ணே” என்றேன். இரண்டு பாயிண்ட் பெரிதாக இருந்த என் பெயரும் அதே சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் ஒரு வெள்ளை ஷீட்டை அளவெடுத்து வெட்டி, நான்கு மூலையிலும் ஓட்டை போட்டேன். ஃபிட்டர் லீவில் போகும்போது எடுத்துப் போவதாகச் சொன்னார். கடையிலிருந்து வெளியே போகும் எல்லாப் பலகையின் கீழ் ஓரத்திலும் செய்தவன் என்று என் பெயரைப் பொடியெழுத்தில் ஒட்டுவது என் வழக்கம். பழக்கத்தில் அதிலும் ஒட்டிவிட்டேன். பார்சல் கட்டப்போகும்போதுதான் கண்ணில் பட்டது. பிளேடால் சுரண்டி எடுக்க அரைமணி நேரம் ஆனது.