குவாரண்டீன் போன குரல்

அனோஜாவுக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளாது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முன்பள்ளி டீச்சர். கதவைப் பூட்டிக்கொண்டு லயத்து வீட்டு வரிசையின் முனைவரை போவாள், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். வீட்டுக் கணினியில் வேலை பார்ப்பதும் நின்றபடியேதான். அதன் முன்னால் போட்டிருந்த நாற்காலியில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கும்.

கொரோனாவுக்கு முன்னால் அவள் இப்படியில்லை. அந்த வருஷம் தம்பி நிரஞ்சனுக்குக் காய்ச்சல் கண்டது. குவாரண்டீன் என்று கதவில் தாள் ஒட்டினார்கள், கூட்டிப்போக பஸ் வந்தது. பை அடுக்கிக் கொடுத்தவள் இவளேதான். பஸ்ஸில் வந்தவர், "பயப்படாதீங்க, அங்க பத்திரமா இருப்பாரு" என்றார். பாவம், அவரும் நம்பித்தான் சொல்லியிருப்பார். இவளும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். தம்பி திரும்பி வரவில்லை.

அவன் விட்டுப்போனது அந்தக் கணினியும், லயத்துப் பிள்ளைகளுக்காக அவனே செய்த ஓர் எழுத்து விளையாட்டும்தான். திரையில் ஆடு வரும். 'ஆ'வைத் தட்டினால் துள்ளிக் குதிக்கும். பிழையாகத் தட்டினால் நிரஞ்சனின் குரல் கேட்கும்: "பரவாயில்ல, இன்னொருக்கா." பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போனபின் அனோஜா வேண்டுமென்றே பிழையாகத் தட்டுவாள். அவளுக்கு அந்தக் குரல் வேண்டும், அவ்வளவுதான்.

பென்டிரைவில் அதற்கு ஒரு பிரதி வைத்திருந்தாள். பிள்ளைகளின் படங்களை அச்சடிக்க அதையே டவுனுக்குக் கொண்டுபோனதுதான் வினை. படங்களோடு வைரஸும் வீட்டுக்கு வந்தது. பென்டிரைவில் ஒன்றும் மிஞ்சவில்லை. இனிக் கணினியில் இருப்பதும் போய்விட்டால்? அன்றே ஹட்டனுக்கு ஓடினாள்.

அங்கே கணினி திருத்தும் கஜேந்திரன், நிரஞ்சனோடு ஒன்றாகப் படித்தவன். ஓர் அன்டி வைரஸ் போதும், அதையும் அந்தக் கம்பெனியின் சொந்தப் பக்கத்திலிருந்தே இறக்குங்கள், அவ்வப்போது புதுப்பியுங்கள் என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினான். ஒன்றோடு இவளுக்கு மனம் ஆறுமா? இரண்டைப் போட்டாள். இரண்டும் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்து மல்லுக்கு நிற்க, கணினி நகரமாட்டேன் என்றது. தலையில் அடித்துக்கொண்டு ஒன்றை நீக்கினாள். மற்றதை முழுக் கணினியையும் சோதிக்க விட்டுவிட்டு, அடுப்படிக்கும் திரைக்குமாக நடந்தாள்.

சோறு வடிக்கும் நேரத்தில் கணினியில் மணி அடித்தது. ஆபத்தான கோப்பு ஒன்று சிக்கியதாம், குவாரண்டீனில் தனியாக அடைத்துப் போட்டாயிற்றாம். பெயரைப் பார்த்தாள். தம்பியின் விளையாட்டு. காவலுக்கு வைத்தது, காக்கச் சொன்னதையே பிடித்துக்கொண்டு போயிருந்தது. கஜேந்திரனுக்கு போன் போட்டாள்.

வீட்டில் செய்தது, கம்பெனிப் பெயர் இல்லாதது, அதனால் சந்தேகப்பட்டிருக்கலாம் என்றான் அவன். நிஜமாகவே வைரஸ் ஏறியும் இருக்கலாம். இப்போது வெளியே விட்டால் கணினியே போய்விடும், ஞாயிற்றுக்கிழமை தானே வந்து பார்ப்பதாகச் சொன்னான். எல்லாம் நியாயமான பேச்சுதான். கடைசியாக ஒன்று சொன்னான்.

"பயப்படாதீங்கக்கா. அங்க பத்திரமா இருக்கும்."

அனோஜா கணினியின் முன்னால் போய் நின்றாள்.

"வேணாம் தம்பி. அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாங்க."

போனை மேசையில் வைத்தாள். துண்டிக்கத் தோன்றவில்லை. வைரஸ் இருந்தால் வெளியே போகாதபடி இன்டர்நெட் வயரை மட்டும் பிடுங்கினாள். அக்கா, அக்கா என்று அவன் தடுத்துக்கொண்டிருக்கும்போதே குவாரண்டீன் பக்கத்தைத் திறந்து, விடுவி என்பதை அழுத்தினாள். இந்தக் கோப்பை நம்புகிறீர்களா என்று கேட்டது. ஆமாம் என்றாள், வாய்விட்டே.

விளையாட்டைத் திறந்தாள். திரை கறுத்தது. எல்லாம் போயிற்று என்றே நினைத்தாள். பிறகு மெல்ல ஆடு வந்து நின்றது. அவள் 'ஓ'வைத் தட்டினாள்.

"பரவாயில்ல, இன்னொருக்கா."

போனில் கஜேந்திரனின் சத்தம் நின்றது. லைன் போய்விட்டதோ என்று எடுத்துக் காதில் வைத்தாள். அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இன்னொருக்கா பிழையா தட்டுங்கக்கா" என்றான்.

அனோஜா நாற்காலியிலிருந்த துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தாள்.