என் தொண்டையில் ஒன்றுமில்லை

பிரான்ஸ் எப்படி இருந்தது என்று திருவொற்றியூரில் எங்கள் தெருவில் இன்னமும் கேட்கிறார்கள். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். நின்று பேசுகிற ஆள் இல்லை நான். ஐந்தாவது வரை படித்தேன், அந்த ஐந்து வருஷமும் வகுப்பில் வாய் திறந்ததில்லை. ஆனால் அந்த நான்கு நாள் ரயில் பயணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஊர் மேல் கோபமில்லை. என் மகள் மேல்.

மகள் பாரிசில் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய பெண்ணை, அதாவது என் பேத்தியை, அங்கேயே மளிகைக் கடை வைத்திருக்கும் தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பத்துப் பையனுக்குப் பிடித்திருந்தது. இவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பையனின் அம்மா ஒரு யோசனை சொன்னாராம். சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் நாலு நாள் சேர்ந்து ரயிலில் ஊர் சுற்றினால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும், பாட்டியும் வந்திருக்கிறார், மூன்று பொம்பளைகளும் போவோம் என்று. ஏப்ரல் மாதம். இங்கே தார் உருகுகிற நேரம், அங்கே மரமெல்லாம் அப்போதுதான் துளிர் விட்டிருந்தது. நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன்.

முதல் நாள் ஓர்லியான். வழியெல்லாம் கடுகு வயல் மாதிரி மஞ்சள் பூ. கிறிஸ்தவக் கோயிலின் கண்ணாடி ஜன்னல்களில் வெயில் பட்டு, தரை முழுக்க நீலமும் சிவப்புமாகக் கிடந்தது. இரண்டாம் நாள் புளுவா. அங்கேதான் விஷயம் தெரிந்தது. அரண்மனையின் சுருள் படிக்கட்டு ஏறி இறங்கி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன். பையனின் அம்மா தன் பிளாஸ்க்கைத் திறந்து எனக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

“மெல்லக் குடிங்க பெரிம்மா. தொண்டையில ஆப்பரேசன் பண்ணவுக பச்சத்தண்ணி தொடப்படாது. பதில் சொல்லாண்டாம், தலைய மட்டும் ஆட்டுங்க.”

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கூரையை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் கழிவறையில் வைத்துக் கேட்டேன். “எனக்கு எப்போடி ஆப்பரேஷன் ஆச்சு?”

“மெதுவாப் பேசும்மா. நீ யார்கிட்டயும் பேசவே மாட்ட. அதத்தான் கொஞ்சம் மாத்திச் சொன்னேன். இன்னும் ரெண்டு நாள்தானே.”

“நான் பேசுனா இன்னா ஆவும்?”

அவள் கையைக் கழுவினாள். “நம்ம பாஷை அவங்களுக்குச் சினிமாவுல வர்ற ரவுடி பாஷை. உன் பேத்தி வாழ்க்கைம்மா.”

கூச்சம் என்னுடையது. பிறந்ததிலிருந்து என்னோடு இருப்பது. அதை எடுத்து அவள் வியாதி என்று சொல்லிவிட்டாள். காசிமேட்டுக் கொட்டகையில் ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரித்து இவளைப் படிக்க வைத்தபோது, என் பாஷையில்தான் மேஸ்திரியோடு சண்டை போட்டேன். அப்போது அது ரவுடி பாஷையாக இல்லை. இருந்தும் பேத்தி முகத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோபம் என் மேலும்தான்.

மூன்றாம் நாள் அம்புவாஸ். ஆற்றுக்கு மேலே கோட்டை. ஐந்நூறு வருஷத்து வீடுகள், மரச்சட்டம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்க, அதற்குச் சாயம் பூசிப் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் ராயபுரம் ஸ்டேஷனும்தான் பழசு, யார் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள்? ஆற்றில் மணல்திட்டு பளபளவென்று இருந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேற்றை மிதித்த காலுக்கு அதைப் பார்க்கவே எரிச்சல்.

அந்த அம்மாவுக்கு, பதில் பேசாத ஆள் கிடைத்தது வசதியாகிவிட்டது. முழங்கால் வலி, மாமியார் செய்த கொடுமை, புருஷன் தினம் யாருக்கும் தெரியாமல் இனிப்புத் தின்பது எல்லாம் என்னிடம் கொட்டினார். நான் தலையாட்டினேன். அவர் நல்லவர் என்று தெரியத் தெரிய எனக்கு மகள் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

சாயந்திரம் தூர் என்கிற ஊருக்குப் போகிற ரயில். இது சின்ன ரயில், சீட்டு நம்பர் கிடையாது. பிளாட்பாரத்தில் லீவுக் கூட்டம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் முப்பது வருஷம் போய்வந்த உடம்பு எனக்கு. கூட்டத்தைக் கண்டால் அது என்னைக் கேட்காது. ரயில் நின்றதும் முழங்கையால் வழி பண்ணி முதலில் ஏறினேன். ஒரு சீட்டில் துண்டு, இன்னொன்றில் மகளின் குடை, மூன்றாவதில் நான். வெள்ளைக்காரத் தாத்தா ஒருவர் வந்தார். துண்டை எடுத்து அழகாக நாலாக மடித்து, சிரித்தபடி என் கையில் கொடுத்துவிட்டு உட்காரப் போனார்.

சீட்டு விஷயத்தில் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது.

“யோவ் தாத்தா, குந்தாத. ஆளு வந்துகினு கீது.”

பெட்டியே திரும்பிப் பார்த்தது. கதவுப் பக்கம் மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால் அந்த அம்மா, கையில் என்னுடைய வெந்நீர்.

மகள் பாய்ந்து வந்தாள். “இன்னாமா பண்ணிகினு கீற? மானத்த வாங்கறதுக்கே வந்தியா? துண்ட எடு மொதல்ல.”

இருபது வருஷமாக அவள் வாயில் வராத பேச்சு. அவளுக்கே கேட்டிருக்க வேண்டும், அப்படியே நின்றுவிட்டாள். தாத்தா வேறு சீட்டுக்குப் போய்விட்டார். ரயில் கிளம்பியது.

அந்த அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டார். “தொண்ட சரியாயிட்டு போலுக்கே பெரிம்மா.”

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “எனக்கு ஆப்பரேஷனும் இல்ல, ஒரு எழவும் இல்ல. காசிமேட்ல றாலு உரிச்சவ நான். இப்டித்தான் பேசுவேன். புடிச்சா எங்க பொண்ண கட்டிகினு போங்க, இல்லாங்காட்டி வுடுங்க. ஆனா அது நல்ல பொண்ணு. இந்தப் பொய்யி அதுக்குத் தெரியாது.”

அவர் பிளாஸ்க்கைப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: “எங்க வீட்டுக்காரரு இனிப்புத் திங்கிற கதைய வெளிய விட்ராதீக.” மகள் பக்கம் திரும்பியபோது சிரிப்பு இல்லை. “பாசைக்கு நான் என்னத்துக்குச் சங்கடப்படப் போறேன்? நாங்களும் உப்பு மூட தூக்குன ஆளுகதான். பெத்தவள ஊமையாக்குன கையில எப்படிச் சம்பந்தம் வைக்கன்னு யோசிக்கேன்.”

மகள் அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை.

மறுநாள் தூரில் பெரிய கோயிலும் பழைய கடைவீதியும் பார்த்தோம். வழியெல்லாம் நானும் அந்த அம்மாவும்தான் பேசினோம். அவ்வளவு நான் எவரோடும் பேசியதில்லை. மகள் பக்கத்தில் வந்து, “ஏதாவது சாப்பிடறியாம்மா?” என்று கேட்கும்போதெல்லாம் என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

கடைசியில் அந்த அம்மா சம்மதித்தார். என் பேத்தி நேரில் போய்ப் பேசி, தன் அம்மா சொன்னது பொய், தப்பு என்று ஒத்துக்கொண்ட பிறகுதான். செய்தது அவள் அம்மா, தலைகுனிந்தது இவள். தையில் கல்யாணம்.

மகள் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்கிறாள். எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறேன். “பேசும்மா, ஒரு வார்த்தை பேசு” என்கிறாள். கல்யாணத்தன்று பேசுவேன், எல்லார் எதிரிலும், என் பாஷையில். அதுவரைக்கும் அவள் செய்த ஆப்பரேஷன் அப்படியே இருக்கட்டும்.