ஃபெஸ் நகரத்துச் சந்துகளில்

ஸ்பெயினில் ஒரு செமஸ்டர் படிக்கப் போயிருந்த மகளைப் பார்க்க நானும் கணவரும் அமெரிக்காவில் எங்கள் ஊரான பிளசன்டனிலிருந்து கிளம்பினோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டு மொராக்கோவைப் பார்க்காமல் போவதா என்றாள் மகள். மூவரும் ஃபெஸ் நகரத்துக்கு விமானம் ஏறினோம். இரண்டு நாள் பயணம்தான்.

பழைய நகரத்துக்குள் கார் நுழையாது. உள்ளே முழுக்கச் சந்துகள். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மூட்டை ஏற்றிய கழுதைகள் பின்னாலிருந்து வரும்போது "பாலக், பாலக்" என்று ஓட்டுபவர் கத்துவார். வழிவிடு என்று அர்த்தமாம். போனில் மேப் குழம்பி நின்றது. முதல் நாள் முழுக்க வழி தவறிக்கொண்டே இருந்தோம். கணவர் ஒவ்வொரு முக்கிலும் நின்று திகைத்தது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தானே நின்றார்கள்.

மறுநாள் தோல் பதனிடும் இடத்துக்குப் போனோம். ஒரு தோல் கடையின் மொட்டைமாடியிலிருந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் ஆளுக்கொரு கொத்துப் புதினா கொடுத்தார். அதை மூக்கில் வைத்துக்கொண்டும் நாற்றம் போகவில்லை. கீழே சாயத் தொட்டிகளில் ஆட்கள் தொடைவரை இறங்கித் தோலை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒரு மாதிரி இருக்கு. கீழ போயி நிக்கறேன், நீங்க பாத்துட்டு வாங்க" என்று கணவர் இறங்கிப் போனார்.

நாங்கள் இறங்கியபோது வாசலில் அவர் இல்லை. அவர் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. மகள் ஒரு சந்துக்குள் ஓடிவிட்டுத் திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்த்த கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு எங்களோடு வந்தார். வழியெல்லாம் அரபியில் விசாரித்துக்கொண்டே நடந்தார். கடைசியில் செம்புப் பாத்திரம் தட்டும் ஒரு சதுக்கத்துக்கு வந்தோம். அங்கே மரத்தடியில் அவர் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த தேநீர் கிளாஸ் கையில் இருந்தது. சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, இங்க வந்து உக்காந்துட்டீங்க? எங்கெல்லாம் தேடறது!"

நிதானமாக நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பாவ ஸ்கூல்ல பிக்கப் பண்ணியாச்சா? நான் இங்கதான் வெயிட் பண்ணிட்டிருக்கேன்."

இருபது வயதுப் பாப்பா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லியே வளர்ந்தவள். அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிளாஸை மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள்.

"பண்ணியாச்சுப்பா. வாங்க, போலாம்."

அவர் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்காரரைப் பார்த்துக் கைகூப்பினேன். அவர் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

வெயில்தான் என்று மகளிடம் சொல்லிக்கொண்டே கணவரை அறைக்கு அழைத்து வந்தேன். வந்ததும் தூங்கிவிட்டார். சாயங்காலம் எழுந்து, "டின்னருக்கு எங்க போறோம்?" என்றார், எதுவுமே நடக்காதது போல. அவர் முகம் கழுவப் போனதும் மகள் என்னிடம் வந்தாள்.

"அம்மா, திஸ் இஸ் நாட் த ஹீட்."

"தெரியும்டா."

முந்தின மாதம் வீட்டுக்குத் திரும்பும் சிக்னலில் எந்தப் பக்கம் என்று அவர் கேட்டதும், சொன்ன கதையையே மறுபடி சொன்னதும் அப்போதுதான் எனக்கு ஒன்றோடொன்று சேர்ந்தன. ஆபீஸ் டென்ஷன் என்றுதான் நானும் அவரும் நினைத்திருந்தோம்.

ஊர் திரும்பியதும் டாக்டர், ஸ்கேன், மறுபடி டாக்டர். மறதி நோய்தான், அறுபதைத் தொடும் முன்பே வந்துவிட்டது என்றார்கள். மெதுவாக்க மருந்து உண்டு, குணமாக்க இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், இனிமேல் கார் ஓட்டலாமா என்று. கூடாது என்றார் டாக்டர்.

அன்று ஃப்ரீவேயில் நான் ஓட்டினேன். அவர் வெகுநேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எந்த எக்ஸிட்டுனு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

அன்றைக்குச் சரியாகச் சொன்னார். அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டு வந்தார். இப்போதெல்லாம் காரில் ஏறினால் பெல்ட்டை நான்தான் போட்டுவிடுகிறேன். எங்கே போகிறோம் என்று அவர் கேட்பதில்லை.