நசுங்கிய குடமும் லயத்துக் குழாயும்

அந்தப் பித்தளைக் குடத்தின் இடுப்பில் ஒரு நசுங்கல் இருந்தது. ஐம்பதுகளில் இலங்கையின் இராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருத்துவச்சியாக இருந்தபோது, தொழிலாளர் வரிசை வீடுகளில் மூன்றாம் லயத்து அக்காவின் வாசலில் அது கவிழ்ந்து கிடக்கும். அக்கா கொழுந்தெடுப்பவர். அந்தக் குடத்தைச் சுமந்து மேடேறும்போதுதான் அவருடைய மகள் வழுக்கி விழுந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். பிள்ளையைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. குடத்தைத் தட்டிச் சரிசெய்ய அக்கா யாரையும் விடவில்லை.

லயங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பீலிதான். பள்ளத்தில், பிளந்த மூங்கில் வழியாக மலைத் தண்ணீர் விழும். ஃபாக்டரிக்குக் குழாய் இருந்தது; தோட்டத்தை நடத்திய துரையின் பங்களா ரோஜாச் செடிகளுக்கும் இருந்தது. பெண்கள் விடியுமுன் பீலியில் வரிசை நின்று, தண்ணீரை வீட்டில் இறக்கிவிட்டு, தப்பு மேளச் சத்தம் கேட்டதும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். குழாய் கேட்டபோதெல்லாம், செலவுக்குக் கம்பெனி சம்மதிக்காது என்றார் துரை. அந்தத் தண்ணீரால் வந்த வயிற்றுக்கடுப்புக்கு மருந்து வாங்க மட்டும் அதே கம்பெனி வருடந்தோறும் சம்மதித்தது. அது என்ன சிக்கனமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மகள் மறுபடி உண்டானதும் அக்கா ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார். பிள்ளைத்தாய்ச்சிகள் பீலிக்கு இறங்கக் கூடாது. அவர்களுக்கான தண்ணீரை மற்றவர்கள் முறைவைத்துச் சுமக்க வேண்டும். இரண்டாம் நடை போனவர்கள் பெரட்டுக்குப் பிந்தினார்கள். கொழுந்து மளமளவென்று வரும் பருவம் அது. பிந்தியவர்களைத் திருப்பி அனுப்பினால் கொழுந்து செடியிலேயே முற்றிவிடும். துரை களத்தில் வைத்தே அக்காவைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

"வயித்துப் புள்ளக்காரிய பள்ளத்துல எறக்க மாட்டோங்க தொர. அவ தண்ணியயும் நாங்கதான் தூக்குறோம். கொழுந்து முத்துனா எங்களக் கேக்காதீங்க, அந்தப் பீலியக் கேளுங்க" என்றார் அக்கா.

அந்த மாதம் ஃபாக்டரிக்குப் போன கொழுந்து குறைந்தது. செத்த பிள்ளைக்கு இளகாத கம்பெனி அதற்கு இளகிக் குழாய் போட்டது. எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபமே அதிகம் வந்தது. ஆனாலும் மகளின் பிள்ளையை லயத்துக் கோடியில் வந்த குழாய்த் தண்ணீரில்தான் குளிப்பாட்டினேன். அதற்குப் பிறகு மருந்துக்கு வருபவர்களும் குறைந்தார்கள். மிச்சமான நேரமெல்லாம் கொழுந்தாகக் கூடைக்கு வரும் என்று துரை நினைத்திருப்பார். ஓரளவு வரவும் செய்தது.

இப்போது என் சமையலறைக்குள்ளேயே குழாய் இருக்கிறது. அதைத் திறக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது துரையின் கொழுந்து அல்ல. பிள்ளையைப் பார்க்க ஒரு விடியற்காலை போயிருந்தேன். நசுங்கிய குடம் குழாயடியில் இருந்தது. அக்கா படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பெரட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"தப்பு இன்னும் அடிக்கலீங்க மிஸ்ஸியம்மா. இத்தன வருசமா காலைல நின்னுக்கிட்டேதான் குடிச்சேன். இப்பத்தான் உக்காந்து குடிக்கிறேன்."

குடம் நிரம்பி வழிந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. நான்தான் போய்க் குழாயை மூடினேன்.