லாந்தர் என் முன்னால் நின்றது

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் ஓர் ஆயர், அதாவது பிஷப். பொய் சொல்லிப் பழக்கமில்லை என்று சொல்லமாட்டேன். ஒரு பொய்யால்தான் இந்தப் பதவிக்கே வந்தேன். ஆனால் அந்த இரவு நடந்ததில் ஒரு சொல்கூட நான் சேர்த்ததில்லை.

என் பெயர் ஒஸ்பெர்ன். நார்மண்டியில், வாலெத்ரே மடத்தில் பத்து வயதில் சேர்ந்தேன். கோன்தாரும் அதே வருடம் சேர்ந்தான். எங்கள் மடத்தில் இரவு ஜெபத்தின்போது ஒருவர் லாந்தரோடு சுற்றி வருவார். யாராவது தூங்கினால் அவர் காலடியில் லாந்தரை வைத்துவிட்டுப் போவார். மாட்டிக்கொண்டவர் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த தூங்குமூஞ்சியைத் தேட வேண்டும். விடிந்ததும் சபையில் எல்லோர் முன்னாலும் குற்றத்தைச் சொல்வார்கள். பிரம்படியும் உண்டு.

மடத்தின் துணைத்தலைவர் பதவி காலியானபோது எங்கள் இருவர் பெயரும் அடிபட்டது. அந்த மாதம் ஒவ்வொரு இரவும் லாந்தரை முதலில் எடுத்துச் சுற்றும் முறை என்னுடையது. கோன்தார் கண்ணை மூடித்தான் ஜெபிப்பான். உதடு மட்டும் அசையும். அவன் தூங்கவில்லை என்று தெரிந்தே மூன்று இரவுகள் அவன் முன்னால் லாந்தரை வைத்தேன். அவன் மறுத்துப் பேசவில்லை. அடி வாங்கினான். கடலோரத்தில் இருந்த சின்னக் கிளை மடத்துக்கு அவனைத் தள்ளிவிட்டார்கள். கூரை ஒழுகும், பனி எலும்பைத் துளைக்கும் இடம். நான் துணைத்தலைவர் ஆனேன். பிறகு கடல் தாண்டி இங்கிலாந்தில் மடாதிபதி. கடைசியில் ராஜாவே கூப்பிட்டு ஆயர் பதவி கொடுத்தார். பத்தொன்பது வருடத்தில் ஒரு படிகூட எனக்கு வழுக்கவில்லை.

ஆனால் அவனிடம் மன்னிப்பு வாங்காமல் அபிஷேக எண்ணெயைத் தலையில் ஏற்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் மன்னிக்காவிட்டால் என் ஆத்துமா நாசம். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

நவம்பரில், மார்ட்டின் திருநாளன்று சாயங்காலம் வாலெத்ரே வந்து சேர்ந்தேன். கொட்டும் மழை. கோயில் பொறுப்பாளர் ஃபுல்க் என் பழைய சிநேகிதர். கோன்தாரைக் கூட்டிவர ஆள் போயிருப்பதாகவும், ஆற்று வெள்ளம் வடிந்தால் ராத்திரிக்குள் வந்துவிடுவான் என்றும் சொன்னார்.

"ராத்திரி ஜெபத்துக்கு வருவீங்களா சாமி? மெத்தைல படுத்துப் பழகின உடம்பாச்சே."

"வரேன்யா. நீ மொதல்ல உன் குறட்டையப் பாத்துக்கோ."

மணி அடித்தபோது, நேரம் காட்டும் மெழுகுவர்த்தி எட்டாவது கோடு வரை உருகியிருந்தது. அதாவது இரண்டு மணி. நாற்பது பேர் இருட்டில் நின்று பாடினோம். மூன்றாவது சங்கீதத்தின் நடுவில் மேற்குக் கதவுப் பக்கம் ஒரு வெளிச்சம் தெரிந்தது.

லாந்தர். முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. ஆனால் இடது தோள் சரிந்திருந்தது. கோன்தாருக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வந்துவிட்டான் என்று எனக்கு அழுகையே வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. வெளியே அவ்வளவு மழை... அவன் அங்கி காய்ந்திருந்தது.

காலடிச் சத்தமும் இல்லை. நடக்கும்போது லாந்தரின் சுடர் ஆடவில்லை.

ஒவ்வொருவரையும் கடந்து வந்தான். ஒருவர்கூடத் தலை தூக்கிப் பார்க்கவில்லை.

என் முன்னால் நின்றான்.

நான் தூங்கவில்லை. என் வாய் பாடிக்கொண்டிருந்தது...

லாந்தரை என் காலடியில் வைத்தான். டக்.

இரவில் நாங்கள் பேசக்கூடாது, எல்லாம் கைச்சாடைதான். மண்டியிட்டேன். மூன்று முறை நெஞ்சில் அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

அங்கிக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. நடுவிரலைக் கட்டைவிரலுக்கு அடியில் மடக்கிச் சுண்டியது. எங்கள் சாடையில் அதற்கு 'முடியாது' என்று அர்த்தம்.

மறுபடியும் சுண்டியது.

மறுபடியும்...

வெளிச்சம் அணைந்தது.

விடிந்ததும் ஃபுல்க்கிடம் கேட்டேன். எண்ணெய் தீர்ந்துபோனதால் நேற்று லாந்தரே ஏற்றவில்லை என்றார். கோன்தாரும் வந்திருக்கவில்லை. காலை ஒன்பது மணி ஜெபம் முடிந்த நேரத்தில், இறப்புச் செய்தியை மடம் மடமாகக் கொண்டு போகும் ஹாமோ, கழுத்தில் தோல் சுருளோடு வந்தான். கடலோர மடத்திலிருந்து வருகிறான்.

"கோன்தார் சாமி போய்ச் சேந்துட்டார். நாலு நாளாச்சு."

"என்னை மன்னிக்காமலே போயிட்டான்" என்றேன். 

ஹாமோ என்னை விநோதமாகப் பார்த்தான்.

"யாரு சாமி சொன்னது? உயிர் போற நேரம் வழக்கப்படி சாம்பல்ல கிடத்தினப்போ மொதல்ல உங்க பேரைத்தான் சொன்னார். ஒஸ்பெர்னை என்னைக்கோ மன்னிச்சாச்சு, அவன்கிட்ட சொல்லிடுங்கன்னார். அப்போ ராத்திரி, பேசக் கூடாதுதான். ஆனா அவர் வாயாலதான் சொல்லணும், வேற வழியில்ல. ஆறு வருஷம் முன்னாடி பனியில ரெண்டு கையும் அழுகி, அத்தனை விரலையும் வெட்டிட்டாங்களே."

என் அபிஷேகம் நடந்தது. பதினோரு வருடமாக ஆயராக இருக்கிறேன். கோன்தார் மன்னித்துவிட்டான் என்பதை நம்புகிறேன். ஆனால் அன்று என் முகத்துக்கு நேரே நீண்ட கையில் ஐந்து விரல்களும் இருந்தன. அந்தக் கைக்கு உரியவர் மன்னிக்கவில்லை. அது யாரென்று நான் செத்துத் தீர்ப்புக்கு நிற்கும்போது தெரிந்துவிடும். அதனால்தான் எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது.