கறிவேப்பிலைக் காசில் வந்த மெஷின்

காசு கொடுத்துக் கறிவேப்பிலை வாங்கினால் என் கை கூசும். இன்றைக்கும் கூசுகிறது. மலையாள ராஜா காலத்துச் சக்கரக் காசு செல்லாமல் போய் ரூபாயும் அணாவும் மட்டும் நிலைத்த புதிதில் நாங்கள் வலியசாலையில் குடியிருந்தோம். சாலைக் கடைத்தெருவில் என் தலை தெரிந்ததும் காய்கறிக்காரர்கள் கறிவேப்பிலைக் கட்டைச் சாக்குக்கு அடியில் தள்ளுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கு அந்தத் தெருவிலேயே ஒரு மளிகை மண்டியில் கணக்கெழுதும் வேலை. என்னோடு காய் வாங்க வந்தால் யாரோ எவரோ போல முன்னால் நடந்து போய்விடுவார்.

கொசுறு கேட்பதற்கு நேரம் காலம் உண்டு. முதலிலேயே கேட்டால் விலையில் ஏற்றிவிடுவார்கள். பேரத்துக்கு நடுவில் கேட்டால் சண்டை வரும். காய் நம் பைக்குள் வந்து, காசு கடைக்காரி மடிக்குள் போய், நாமும் புறப்பட்டு நடந்து, அப்புறம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நின்று திரும்ப வேண்டும். "ஒரு இணுக்கு கறிவேப்பில போடு. அப்படியே ரெண்டு பச்சமொளகா." முடிந்த வியாபாரத்தை யாரும் முறிக்க மாட்டார்கள்.

"மதி அம்மா, எனிக்கு முதலாகண்டே?" என்பாள் நான் வழக்கமாக வாங்கும் மலையாளத்துக்காரி. போதுமம்மா, எனக்குக் கட்டுப்படியாக வேண்டாமா என்கிறாள். சொல்லிக்கொண்டே போடுவாள்.

இதில் இன்னொரு சாமர்த்தியமும் செய்தேன். கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் மல்லித்தழைக்கும் வீட்டுக்காரரிடம் தனியாகக் காசு வாங்கிவிடுவேன். ஊரார் வரவுசெலவை எல்லாம் சரிபார்க்கிற மனிதருக்கு இது மட்டும் பிடிபடவில்லை. அந்தக் காசு சேர்ந்து சேர்ந்துதான் ஒரு பழைய தையல் மெஷின் வீட்டுக்கு வந்தது. கையால் சுற்றுகிற மெஷின், கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் பூக்கொடி. "மிச்சம் பிடிச்சேன்" என்று அவரிடம் சொன்னேன். எதில் என்று அவர் கேட்கவில்லை. தினமும் அதைத் துடைத்து வைப்பேன்; பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை.

பெற்றோர் போன பிறகு என் தங்கை எங்களோடுதான் இருந்தாள். இரண்டு இடம் வந்து தட்டிப்போனது. அடுத்து நாகர்கோவிலிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பெண் பார்க்க வந்தார். அவர் வந்துபோனதிலிருந்து இவள் ரசத்துக்கு உப்புப் போட்டோமா என்பதே தெரியாமல் திரிந்தாள். இதுவும் கைநழுவிப் போனால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குப் பயம்.

பேசி முடிக்க மாப்பிள்ளையின் அம்மா வந்தார். நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேரத்துக்குத் தயாரானேன். பேரமே நடக்கவில்லை. "ஒங்களுக்கு முடிஞ்சதப் போடுங்க. நாங்க என்ன யாவாரமா பண்ணுதோம்?" என்றுவிட்டார். தாம்பூலம் மாற்றிக்கொண்டோம்.

"பாத்தியளா, என் முன்னால வாயத் தொறக்க முடியல அவுகளுக்கு" என்று வீட்டுக்காரர் காதில் சொன்னேன். அவர் பாக்கை மென்றுகொண்டிருந்தார்.

தம்பானூரில் பஸ் பிடிக்க அந்த அம்மா புறப்பட்டார். வாசல்வரை போய் வழியனுப்பினோம். படி இறங்கினார். தெருவில் கால் வைத்து நடந்தார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நின்று திரும்பினார்.

"மக்களே, சொல்ல மறந்துட்டேன் பாத்துக்கோ. உள்ள ஒரு தையல் மெஷின் இருக்குல்லா, அதையும் பிள்ளகூட அனுப்பிரு. அவ தச்ச ரவிக்கன்னு நீதான காட்டுன? அங்க வந்து அவ கை சும்மா இருக்கப்படாதுல்லா."

முதலில் எனக்குக் கோபமே வரவில்லை. அந்த நடையும் அந்தத் திரும்பலும்! என்னைவிடக் கைதேர்ந்தவர். அப்புறம்தான் வயிறு எரிந்தது. தங்கை கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. எனிக்கு முதலாகண்டே என்று கேட்கவா முடியும்?

"அதுக்கென்ன அத்தை, அனுப்பீட்டாப் போச்சு" என்றேன். வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் பாக்கு தொண்டையில் சிக்கிக்கொண்டது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மெஷினுக்குப் பழைய சேலையைச் சுற்றி நானே வண்டியில் ஏற்றினேன். தங்கை என் காலில் விழுந்து எழுந்து, கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள். பாதியில் நின்றாள். திரும்பினாள். எனக்குப் பகீரென்றது. நான் வளர்த்த பிள்ளையல்லவா?

"அக்கா, மெஷினுக்கு எண்ணெ விடுத சின்ன டப்பா அடுக்கள ஜன்னல்ல இருக்கு. அதையும் தந்துரேன்."

எடுத்து வந்து கொடுத்தேன். வண்டி நகர்ந்ததும் விக்கி விக்கி அழுதேன். கூடப்பிறந்தவளைப் பிரிகிற துக்கம் என்று தெருவே உச்சுக்கொட்டியது. பாதி அதுதான்.