சத்தத்தைக் கூட்டிய கை

கீழ்வேளூரைச் சுற்றியுள்ள ஊர்களில் ரெத்தினத்தின் நடவு செட்டு என்றால் வயல்காரர்களுக்குத் தெரியும். ஒரே தெருவைச் சேர்ந்த பெண்கள். வேலை பேசுவது, வண்டிக்குச் சொல்வது, யார் எந்த ஓரத்தில் இறங்குவது என்று பிரிப்பது எல்லாம் ரெத்தினம்தான். நடவு மெஷின் வந்ததிலிருந்து அவளுக்கு ஒரே பயம். மெஷின் முதுகை நிமிர்த்துவதில்லை, டீக்குக் கரையேறுவதில்லை. அதற்கு ஈடாகக் கை ஓடாவிட்டால் அடுத்த வருஷம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் செம்மொழி, பொங்கலுக்கு வந்தபோது ஒரு சின்னப் பாட்டுப்பெட்டி வாங்கி வந்தாள். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். மெமரி கார்டைச் செருகினால் நாள் முழுக்கப் பாடும். வரப்பில் ஒரு குச்சியை நட்டு அதில் மாட்டிவிட்டு இறங்கியபோது, பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பாட்டோடு சேர்ந்து முனகினார்கள். சாயங்காலம் கரையேறும்போது, வழக்கத்தைவிடக் கூடுதலாக நட்டிருப்பது தெரிந்தது.

ரெத்தினம் அதைக் கவனித்துக்கொண்டாள். மெதுவான பாட்டுக்குக் கை மெதுவாகப் போகிறது. தப்படிக்கும் பாட்டு வந்தால் யாரும் சொல்லாமலே நாற்று வேகமாக இறங்குகிறது. மகளிடம் போனில் சொல்லி, காலையில் சாமி பாட்டு, வெயில் ஏறியதும் குத்துப்பாட்டு என்று வரிசை மாற்றி இன்னொரு கார்டு வாங்கிக்கொண்டாள். பெண்களுக்கு இது தெரியாது. பாட்டு தானாக வருகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். ரெத்தினத்துக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்தப் புரட்டாசியில் பஞ்சநதம் வயலில் நடவு. அதை மதியத்துக்குள் முடித்துவிட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னொருவர் வயலிலும் இறங்குவதாக ரெத்தினம் வாக்குக் கொடுத்திருந்தாள். செட்டில் அம்சமும் வந்திருந்தாள். அவளும் ரெத்தினமும் ஒரே வருஷம் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தவர்கள். ஆனி மாதம் அம்சத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்திருந்தது. காலையில் வண்டியிலிருந்து இறங்கும்போதே ரெத்தினத்தின் காதருகே வந்து சொன்னாள்.

"ஓரமா எறங்கிக்கிறேன் ரெத்தினம். ரொம்ப நாளு வீட்டுல கெடந்துட்டேன். முடியலன்னா கொஞ்சம் பாத்துக்க."

"நான் இருக்கேன்ல, எறங்கு."

பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று ஏறியது. கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. பஞ்சநதம் வரப்பில் குடையோடு வந்து நின்றார்.

"ரெத்தினம், மழைக்கு முன்னாடி முடிஞ்சிருமா? இல்ல நாளைக்கு மெஷினுக்குச் சொல்லட்டுமா?"

"முடிஞ்சிரும்ங்க ஐயா."

வரிசை பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. நடவில் எல்லாரும் குனிந்தபடி பின்னோக்கித்தான் வருவார்கள். கை ஓடாதவள் முன்னால் தனியே நின்றுவிடுவாள். அம்சம் அப்படி நின்றுவிட்டாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றியிருந்தாள். அவளுடைய நாற்று முடி கட்டு அவிழாமல் சேற்றில் கிடந்தது.

ரெத்தினம் அதைப் பார்த்தாள். "அவ பங்குக்குக் கை குடுங்கடி" என்று ஒரு வார்த்தை சொன்னால் பக்கத்தில் நிற்பவர்கள் இரண்டு பிடி நட்டுக் கொடுத்திருப்பார்கள். அது செட்டில் வழக்கம்தான். ஆனால் இரண்டு பேர் பின்தங்கினால் வரிசையே பின்தங்கும். அவள் கரையேறி வரப்புக்குப் போனாள். பெட்டியில் சத்தத்தைக் கூட்டினாள். கைகள் வேகமாகின. அம்சமும் மறுபடி குனிந்தாள்.

எப்போது விழுந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. முனகியிருப்பாள், கூப்பிட்டும் இருப்பாள். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி நாற்று முடி எடுக்க நிமிர்ந்தபோதுதான், சேற்றில் சாய்ந்து கிடந்த சேலையைப் பார்த்து அலறினாள். எல்லாரும் ஓடித் தூக்கினார்கள். கரைக்குக் கொண்டுவந்து முகத்தைக் கழுவினார்கள். வண்டி வரும்வரை பெட்டி பாடிக்கொண்டே இருந்தது. கடைசியில் பஞ்சநதம்தான் போய் அதை நிறுத்தினார்.

நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் உள்தையல் விட்டுப்போயிருக்கிறது என்றார்கள். மறுபடி ஆபரேஷன். பிழைத்துக்கொள்வாள்; ஆனால் இனிமேல் குனிந்து செய்கிற வேலை கூடாது, கனம் தூக்கக் கூடாது. ரெத்தினம் ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. துணி அலசினாள், கஞ்சி வாங்கி வந்தாள், மாத்திரைக்கு வரிசையில் நின்றாள். அம்சத்தின் கணவன் செழியன் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீங்க இல்லன்னா என்ன ஆயிருக்குமோ அக்கா. கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்க மாட்டா."

ரெத்தினம் சட்டென்று எழுந்து குழாயடிக்குப் போய்விட்டாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தெருவிலும் அதே பேச்சு. ரெத்தினம் மாதிரி உண்டா, கூடவே இருந்து காப்பாற்றினாள் என்றார்கள். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பாள். 'எல்லாரும்தான கேட்டோம் பாட்ட, உன்மேல என்ன தப்பு' என்று அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள். பாட்டு இல்லை தப்பு. பார்த்துவிட்டுப் போய்ச் சத்தத்தைக் கூட்டியதுதான் தப்பு. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நினைத்தாள்.

அம்சம் வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு மத்தியானம் செழியன் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனாள். அம்சம் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

"அம்சம், அன்னிக்கு நீ முடியாம நின்னத நான் பாத்தேன்டி. பாத்துட்டுத்தான்..."

"தெரியும்."

அம்சம் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீ பாத்ததையும் பாத்தேன். வரப்புக்குப் போனதையும் பாத்தேன். பாட்ட நிறுத்திட்டு, நீ எனக்குக் கை குடுக்கச் சொல்லப் போறன்னு நெனச்சேன்."

ரெத்தினம் தரையில் உட்கார்ந்து அழுதாள். அம்சம் தடுக்கவில்லை. அழுகை ஓய்ந்த பிறகு சொன்னாள்.

"பரவாயில்லன்னு சொல்லுவேன்னு வந்தியா? எனக்கு வரல. பொய்க்குச் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம்."

"ஆஸ்பத்திரியில நீ பாத்துக்கிட்டதையும் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

தை மாதம் சம்பா அறுப்பு முடிந்த ஓய்வில் செட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, ரெத்தினம் எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டு வரிசையை மாற்றியதையும் மறைக்கவில்லை. சிலருக்கு முகம் மாறியது. "எங்களயும் மாடு மாதிரிதான் ஓட்டியிருக்க" என்று ஒருத்தி எழுந்து போனாள். அதன்பிறகு வேறு செட்டில் சேர்ந்துகொண்டாள். இனி வேலை பேசும் பொறுப்பு தனக்கு வேண்டாம், அதை அம்சம் பார்க்கட்டும், நடவு நடாவிட்டாலும் அவளுக்கு எல்லாரையும்போல முழுப் பங்கு என்று ரெத்தினம் கேட்டாள். கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. கடைசியில் சம்மதித்தார்கள்.

அம்சம் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. குறுவைக்குப் பஞ்சநதம் போன் செய்தபோது நேராகவே சொன்னாள்.

"ஒரு நாளைக்கு ஒரு வயல்தாங்க. அவசரம்னா ரெண்டு நாளு முன்னாடியே சொல்லுங்க."

பஞ்சநதம் பாதி வயலுக்கு மெஷின் கொண்டுவந்தார். மற்ற பாதிக்கு இவர்களைக் கூப்பிட்டார். வேலை குறைந்ததென்று வீட்டுக்கு வீடு புலம்பல். பெண்கள் பாட்டுப்பெட்டியை மட்டும் விடவில்லை. அது இல்லாமல் இடுப்பு இரண்டு மடங்கு வலிக்கிறது என்றார்கள். அவரவருக்குப் பிடித்ததை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். ரெத்தினம் அதன் பக்கமே போவதில்லை. நடும்போது அடிக்கொருதரம் தலை நிமிர்த்தி வரிசையை முழுக்கப் பார்ப்பாள். யாராவது முன்னால் தனியே நின்றால் அவள் கை தானாக நின்றுவிடும்.

ஒரு நாள் வேலை முடிந்து திரும்பும்போது, வாய்க்காலின் குறுக்கே பாலமாகப் போட்டிருந்த பனங்கட்டை மழையில் வழுக்கியது. மற்றவர்கள் கடந்துவிட்டார்கள். வரப்பிலிருந்து வேலையைக் கவனிக்க வந்திருந்த அம்சம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்றாள்.

"ரெத்தினம், தோளக் குடு" என்றாள்.

ரெத்தினம் தண்ணீரில் இறங்கிக் கட்டையை ஒட்டி நின்றாள். அம்சத்தின் கை தோளில் அழுந்தியது. ஒவ்வோர் அடியாக நகர்ந்தார்கள். அக்கரை போனதும் கையை எடுத்துக்கொண்டு, அம்சம் முன்னால் நடந்தாள்.